செவுளைப் பார்த்துச் சொல்லு

மே மாதம் பிறந்துவிட்டால் எங்கள் மாமாவுக்கு வாயில் ஒரே பேச்சுதான்.

"இந்த வருசம் நம்மள்து. எழுதி வெச்சுக்க."

எழுதி வைத்திருந்தால் வீட்டில் படுக்க இடம் இருந்திருக்காது. மாமா என்றால் என் அம்மாவின் அண்ணன். கடலூர் துறைமுகத்தில் மீன் ஏலம் கூறுகிறவர். எங்கள் ஊர் கடலூருக்கும் பிச்சாவரத்துக்கும் நடுவே கடலை ஒட்டிக் கிடக்கிறது. அந்த ஊரின் கால்பந்து கிளப்புக்குத் தலைவர், கோச், கிழிந்த வலையைத் தைக்கிறவர், பந்துக்குக் காற்றடிக்கிறவர் எல்லாமே அவர்தான். மாவட்ட லீக்கில் ஏ, பி என்று இரண்டு டிவிஷன் உண்டு. நாங்கள் பி. நான் பிறந்தபோதும் பி, கல்யாணமாகி சிதம்பரத்துக்குப் போனபோதும் பி, எனக்குப் பிள்ளை பிறந்தபோதும் பி. இப்போது கணவரின் வேலையால் நான் வந்து சேர்ந்திருக்கும் ஊரில் கடலும் கிடையாது, கால்பந்தும் கிடையாது. ஆனால் வெயில் ஏறினால் எனக்கு மாமாவின் குரல் கேட்டுவிடுகிறது.

ஏலம் கூறுகிறவருக்கு ஒரு தொழில் தர்மம் உண்டு. கூடையில் எது கிடந்தாலும் அதைத் தாழ்த்தி ஒரு வார்த்தை சொல்லக் கூடாது. வஞ்சிரம் வந்தாலும், நசுங்கிப்போன கவலை மீன் வந்தாலும் அதே குரல், அதே கம்பீரம். வாங்க வந்தவர்கள்தான் செவுளைத் தூக்கிப் பார்த்து, சிவப்பாக இருக்கிறதா வெளுத்துவிட்டதா என்று முடிவு பண்ணிக்கொள்ள வேண்டும். மாமா அந்தத் தர்மத்தைத் துறைமுகத்தோடு விட்டுவிட்டு வந்திருக்கலாம். மொபெட்டில் ஏற்றிக்கொண்டு வீட்டுக்கே வந்துவிடுவார். கூரையில் ஓட்டை விழுந்தால் "வெளிச்சம் நல்லா வருது பாரு" என்பார். குழம்பு தீய்ந்தால் "வாசன ஜாஸ்தியா கீது" என்பார். அத்தைக்கு இதில் தீராத எரிச்சல்.

"பொண்ணு பாக்க வந்தன்னைக்கே இந்தாளு அடுத்த வருசம் மாடி வூடுன்னாரு. எந்த வருசத்துக்கு அடுத்த வருசம்னு எங்கப்பா கேக்காம வுட்டுட்டாரு" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்லுவாள். மாமாவும் சேர்ந்து சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "அடுத்த வருசம் பாரேன்" என்பார்.

கால்பந்து விஷயத்தில் இந்தக் குணத்தைக் கெடுத்து வைத்தது தடைக்காலம். ஏப்ரல் நடுவிலிருந்து ஜூன் நடு வரை விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கிற காலம், அரசாங்கத் தடை. படகு கரையில் நின்றால் பையன்களும் கரையில். எங்கள் ஊர்ப் பையன்கள் கடலில் வலை இழுத்து வளர்ந்தவர்கள், மணலில் ஓடி வளர்ந்தவர்கள். சாயங்காலம் தண்ணீர் வற்றின ஈர மணலில் அவர்கள் பந்து ஆடுவதைப் பார்த்தால், எனக்கே, பந்து என்றால் உருண்டை என்பதற்கு மேல் ஒன்றும் தெரியாத எனக்கே, வாய் திறந்துகொள்ளும். மாமா கட்டுமரத்தின் மேல் ஏறி நின்றுகொண்டு கத்துவார்.

"அவன் கால பாத்தியா? வஞ்சிரம் கணக்கா வழுக்கிக்கினு போறான். இவன எவன் புடிப்பான்? நீ சொல்லு, எவன் புடிப்பான்?"

"மொதல்ல செவுளப் பாத்துட்டுச் சொல்லு மாமா" என்பேன் நான்.

"நீ போடி. உனுக்கு இன்னா தெரியும்."

எனக்குத் தெரிந்தது ஒன்றுதான். லீக் ஆரம்பிப்பது ஜூலையில். தடை அதற்குள் முடிந்துவிடும். படகுகள் போனால் திரும்பப் பல நாள் ஆகும். ஞாயிற்றுக்கிழமை கடலூரில் மேட்ச் என்றால் எங்கள் கேப்டன் கரை கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் வலை போட்டுக்கொண்டிருப்பான். தடைக்காலத்து டீமைப் பார்த்து சீசனுக்குக் கணக்குப் போடுவது, கரையில் நிற்கிற படகைப் பார்த்து மீனுக்கு விலை பேசுவது மாதிரி. கடலோரத்தில் பிறந்து வளர்ந்த மனுஷன் வருஷா வருஷம் அந்தத் தப்பைச் செய்தார்.

ஒரு தடவை படகு தாமதமாகக் கரை சேர்ந்து, ஐந்தாறு பையன்கள் குளிக்கக்கூட நேரமில்லாமல் துறைமுகத்திலிருந்து நேராக மைதானத்துக்கு ஓடி வந்தார்கள். ஐஸ் தண்ணியும் மீன் கவிச்சியும் மேலெல்லாம் ஒழுகிக்கொண்டிருந்தது. எதிரணிப் பின்வரிசைப் பையன்கள் மூக்கைப் பிடித்துக்கொண்டு இரண்டடி தள்ளியே நின்றார்கள். அந்த இரண்டடியில் எங்களுக்கு ஒரு கோல் விழுந்தது. அதற்குப் பிறகு அவர்களுக்கு மூக்கு பழகிவிட்டது, நாங்கள் தோற்றோம். திரும்பும்போது மாமா சொன்னார்: "பாத்தியா, கிட்ட வர்றதுக்கே பயப்படுறானுங்க. அடுத்த வருசம் நம்மள்துதான்."

இந்தக் கூத்தில் என்னை மேனேஜர் ஆக்கியதும் அவர்தான். நான் சிதம்பரத்தில் ஒரு ஸ்கேன் சென்டரில் வேலை பார்த்தேன். மாவட்டக் கால்பந்துச் சங்கத்திலிருந்து போனுக்கு வரும் செய்திகளெல்லாம் ஆங்கிலத்தில் வருகின்றன, அதைப் படித்துச் சொல்ல ஆள் வேண்டும் என்று ஆரம்பித்தார். அப்புறம் சங்கத்துக்குப் போய்ப் பேச ஆள் வேண்டும் என்றார். கடைசியில் ஆட்டக்காரர்களின் பெயர்களைச் சங்கத்தில் பதிகிற வேலையும் என்னிடம் வந்தது. ஒவ்வொரு வருடமும் பையன்களின் பெயரையெல்லாம் சொல்லிவிட்டு, கடைசியாகத் தன் பெயரையும் சொல்லுவார்.

"ஐம்பது தாண்டிடுச்சு மாமா, நீ எங்க ஆடப் போற?"

"கெடக்கட்டும்டி. ஆபத்துக்கு ஒதவும்."

சிரித்துக்கொண்டே சேர்ப்பேன்.

எல்லா நேரமும் சிரிக்க முடிந்ததில்லை. அம்மாவுக்கு வியாதி முற்றி சிதம்பரத்தில் ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, டாக்டர்கள் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லிவிட்டார்கள். மாமா தினமும் ஏலம் முடிந்து பஸ் பிடித்து வந்து, கட்டிலருகே நின்று, துறைமுகத்துக் குரலிலேயே பேசுவார். "மொகத்துல களை வந்துடுச்சு. அடுத்த மாசம் எழுந்து நடப்பா பாரு. மாசி மகத்துக்குக் கடல்ல குளிக்கிறா." எனக்கு அவரைப் பிடித்து வெளியே தள்ள வேண்டும்போல் இருக்கும். ஒருநாள் அவர் போனதும் அம்மாவிடம் வெடித்துவிட்டேன். எதற்கு இந்த மனுஷன் இப்படிப் பொய்யாகக் கூவுகிறார், உனக்குக் கஷ்டமாக இல்லையா என்று. அம்மா கண்ணைத் திறக்காமலே சொன்னாள்.

"அவன் எனக்காச் சொல்றான்? அவனுக்குச் சொல்லிக்கிறான். நான் நம்புற மாதிரி தலையாட்டறேன். நீயும் ஆட்டிட்டுப் போ. இல்லாட்டி அவன் ஒடிஞ்சிடுவான்."

மாசி மகத்துக்கு அம்மா இல்லை. நான் வெகுநாள் மாமாவோடு சரியாகப் பேசவில்லை. அம்மா சொன்னதும் எனக்கு அப்போது புரியவில்லை.

தடைக்காலத்திலேயே லீக்கை நடத்தச் சொல்லி மாமா சங்கத்தில் மனுக் கொடுப்பது வருடாந்திரச் சடங்கு. அவர்கள் வெயிலைச் சொல்லி மறுப்பதும் சடங்குதான். அந்த வருடம் என்ன புண்ணியமோ, சரி என்றுவிட்டார்கள். கோடை விடுமுறையில் மைதானங்கள் சும்மா கிடக்கின்றன, மே மாதமே ஆரம்பித்துவிடலாம் என்று எனக்குச் செய்தி வந்தது. நான் போனில் படித்துச் சொன்னேன். மாமா இருமிக்கொண்டே, "இன்னொரு தபா படி" என்றார்.

அதுவரை மணலில் மட்டும் இருந்த டீமைக் கடலூர் முழுக்கப் பார்த்தது. ஜெயித்தோம். மறுபடியும் ஜெயித்தோம். கோலில் அந்தோணி நின்றான். அவன் கையில் பந்து பட்டால் பசையில் ஒட்டியது மாதிரி நின்றுவிடும். முன்னால் கேப்டன் வீரா. மாமா ஏலத்துக்கு நடுவிலேயே கோல் கணக்கைச் சொல்ல ஆரம்பித்துவிட்டதாக மீன் வாங்க வந்தவர்கள் என்னிடம் புகார் சொன்னார்கள். கடைசி மேட்ச் சிதம்பரத்தில், டவுன் டீமோடு. டிரா செய்தால் போதும், ஏ டிவிஷன்.

மாமாவுக்கு அது வெறும் எழுத்து மாற்றம் இல்லை. ஏ டிவிஷனில் ஆடுகிறவர்களைத்தான் மாவட்ட அணிக்குப் பார்ப்பார்கள். மாவட்ட அணியில் ஆடினால் போலீஸ், ரயில்வே என்று ஸ்போர்ட்ஸ் கோட்டாவில் நுழைய ஒரு சந்து கிடைக்கும். "ஒருத்தனாவது கரையில நின்னு சம்பளம் வாங்கட்டும்டி" என்பார். ஒருத்தன் என்றால் வீரா. அவனுக்கு வயது வரம்பு முட்டிக்கொண்டிருந்தது. அந்த சீசனில் ஏறினால் உண்டு, இல்லாவிட்டால் காலம் முழுக்கப் படகுதான். இது வீராவுக்கும் தெரியும், ஊருக்கும் தெரியும்.

எங்கள் ஊரில் திரௌபதி அம்மனுக்குத் தீமிதி உண்டு. தீ மிதிக்க வேண்டிக்கொண்டவர்கள் மஞ்சள் வேட்டி உடுத்தி, கோவிலில் கையில் காப்புக் கட்டிக்கொள்வார்கள். கட்டியபின் தீ மிதித்து முடிக்கிறவரை ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. கடைசி மேட்ச் தீமிதிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்பதால் யாரும் ஒன்றும் யோசிக்கவில்லை. காப்புக் கட்டுகிற அன்று நானும் போயிருந்தேன். வரிசையில் பார்த்தால் வீரா நிற்கிறான். அவனுக்குப் பின்னால் சென்டர் ஹாஃப். அவனுக்குப் பின்னால் விங்கர். அந்தோணி கிறிஸ்தவன், அவனைத் தவிர ஆடுகிற பையன்கள் அத்தனை பேரும் மஞ்சள் வேட்டியோடு நின்றார்கள். மாமாவிடம் சொல்லாமல் தங்களுக்குள் பேசி வேண்டிக்கொண்டிருந்தார்கள்.

"இன்னாடா எல்லாரும்?" என்று மாமா கேட்டார்.

"டீம் மேல போவணும்னு மாமா" என்றான் வீரா.

மாமா துண்டால் முகத்தை மூடிக்கொண்டார். அவ்வளவு பேர் பார்க்க அழுதார். நானும்தான் அழுதேன், மறைத்து என்ன ஆகப்போகிறது.

இரண்டு நாள் கழித்துச் சங்கத்திலிருந்து செய்தி வந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் வேறு நிகழ்ச்சி. மேட்ச் முந்தைய வாரம் சனிக்கிழமைக்கு மாற்றப்படுகிறது. சனிக்கிழமை மேட்ச், மறுநாள் தீமிதி.

நான் கடலூருக்கு ஓடினேன். சங்கத்துச் செயலாளர் நல்ல மனிதர். நாற்காலி போடச் சொன்னார், டீ வரவழைத்தார், எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டார்.

"எங்க ஊர்லயும் தீமிதி இருக்கும்மா. எனக்குப் புரியாதா? ஆனா அந்த வாரத்த விட்டா ஜூன் கடைசிலதான் கிரவுண்டு. அப்ப வெச்சுக்கலாமா?"

ஜூன் கடைசியில் படகெல்லாம் கடலில் இருக்கும். அதைச் சொன்னேன்.

"தடைக்காலத்துலயே முடிங்கன்னு மனு மேல மனு குடுத்தது உங்க மாமாதானம்மா?" என்றார் அவர். குத்திக் காட்டவில்லை, வருத்தமாகத்தான் சொன்னார். டீயைக் குடித்து வைத்துவிட்டு வந்தேன். முன்னால் போனால் காப்பு, பின்னால் போனால் கடல். யாரைத் திட்டுவது என்று தெரியாததுதான் எனக்குப் பெரிய வயிற்றெரிச்சல். ஒருவர் மேலாவது தப்பு இருந்திருந்தால் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

வீரா அன்று சாயங்காலமே மாமா வீட்டு வாசலுக்கு வந்துவிட்டான்.

"மாமா, ஒரு வார்த்த சொல்லு. காப்ப அவுத்து ஆத்தா காலடில வெச்சுட்டு வந்து ஆடறோம். எல்லாரும் ரெடி."

அவர்கள் வந்திருப்பார்கள். மாமா கூப்பிட்டால் நெருப்பை விட்டுவிட்டு வந்திருப்பார்கள். அதனால்தான் அவர் கூப்பிடவில்லை.

"காப்பு கட்டுனவன் எல்ல தாண்டி, நாளைக்கு எவன் வூட்டுப் புள்ளைக்குச் சொரம் வந்தாலும் உங்களத்தாண்டா சொல்லுவாங்க. ஒரு படகு சாஞ்சா உங்களத்தாண்டா சொல்லுவாங்க. உங்க பேரப்புள்ள காலத்துக்கும் சொல்லுவாங்க. போடா, போய் வெரதத்த ஒழுங்கா இரு."

"உனுக்கு வயசு தாண்டுதுடா வீரா!" என்று நான் கத்தினேன். மாமா என்னைப் பார்த்தார். வாயை மூடிக்கொண்டேன்.

உபரி ஆட்டக்காரர்களில் சிலர் தடைக்காலத்தில் கேரளப் படகுகளுக்கு வேலைக்குப் போய்விட்டிருந்தார்கள். மிச்சத்தைக் கூட்டிப் பார்த்தோம். அந்தோணி, பெண்ணாடத்துச் சர்க்கரை ஆலையில் வேலை பார்க்கும் ஒருவன், சிதம்பரம் பஸ் ஸ்டாண்டில் ஜூஸ் போடும் ஒருவன், இப்படியாக ஆறு பேர் தேறினார்கள். கால்பந்தில் ஏழு பேராவது இறங்கினால்தான் ஆட்டம். ஏழாவது ஆள் என் சிரிப்போடு சேர்த்துப் பதிவான பெயர்.

"ஆபத்துக்கு ஒதவும்னு சொன்னேனா இல்லியா?" என்றார் மாமா, ஜெயித்துவிட்ட மாதிரி.

சனிக்கிழமை நாலு மணி வெயிலில், தொப்பையில் இறுகிய பனியனோடு மாமா மைதானத்துக்குள் போனார். டவுன் டீம் பையன்கள் முதலில் சிரித்தார்கள். அந்தோணி யாரிடமோ காரணத்தைச் சொன்னதும் சிரிப்பை நிறுத்தினார்கள். அது இன்னும் கொடுமை. மெதுவாக ஓடினார்கள், மாமாவின் மேல் இடித்துவிடாமல் சுற்றிக்கொண்டு போனார்கள், கோல் போட்டபின் கத்தாமல் திரும்பினார்கள். மாமா மட்டும் கத்திக்கொண்டே இருந்தார். "அப்டிதான்! வுடாத! வருது பாரு, வருது!" ஒன்றும் வரவில்லை. ஜூஸ் கடைப் பையன் அடித்த ஒரு பந்து கம்பத்தில் பட்டுத் திரும்பியது. அதோடு சரி.

வீரா கேட்டுக்கொண்டபடி நடப்பதையெல்லாம் அவனுக்குப் போனில் அனுப்பிக்கொண்டிருந்தேன். நாலாவது கோலோடு நிறுத்தினேன். "அனுப்புக்கா" என்று வந்தது. அனுப்பினேன்.

இரண்டாம் பாதியில் மாமாவுக்குத் தொடை பிடித்துக்கொண்டது. புல்லில் உட்கார்ந்துவிட்டார். எதிரணிக் கேப்டன் ஓடிவந்து காலைப் பிடித்து நீட்டிவிட்டு, "வெளிய போயிடுங்க சார், போதும்" என்றான். மாமா வெளியே போனால் ஆறு பேர். ஆறு பேர் என்றால் ஆட்டம் அங்கேயே முடிந்தது. மாமா தலையை ஆட்டி மறுத்து, நொண்டிக்கொண்டே போய் அந்தோணிக்குப் பக்கத்தில் கோல் கம்பத்தை ஒரு கையால் பிடித்துக்கொண்டு நின்றார். கடைசி விசில் வரைக்கும் அங்கேயே நின்றார். நான் கோட்டுக்கு வெளியே தண்ணீர் பாட்டிலை வைத்துக்கொண்டு நின்றேன். என்னால் செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

வேனில் ஊருக்குத் திரும்பினோம். சாலை கடற்கரைப் பக்கம் திரும்பியதும் மாமா எங்களைப் பார்த்துச் சொன்னார்.

"ஊர்ல போய் டிரான்னு சொல்லுங்க. ஒண்ணுக்கு ஒண்ணு."

"டிரான்னா மேல போய்ட்டோம்னு அர்த்தம் மாமா" என்றேன்.

"அதான். நாளைக்குப் பசங்க நெருப்புல எறங்கணும். மனசு கலங்குனவன் எறங்குனா கால் வெந்துடும். நெருப்பு முடியட்டும், அப்பறம் நானே சொல்லிக்கறேன்."

ஆறு பேரிடமும் சத்தியம் வாங்கினார். என்னிடம் வாங்கவில்லை, நம்பிவிட்டார். பையன்களுக்கு எல்லா கோலும் தெரியும் என்று நான் எப்படிச் சொல்லுவேன்? ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு வீராவுக்கு அனுப்பினேன். "மாமா டிரான்னு சொல்லப் போறாரு. நீங்க பயப்படக் கூடாதுன்னு. தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதீங்க."

பதில் வந்தது. "சரிக்கா."

ஊர் எல்லையில் சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டியிருந்தார்கள். அதற்கு அந்தப் பக்கம், ஒரு விரற்கடைகூட மீறாமல், மஞ்சள் வேட்டியோடு அத்தனை பேரும் நின்றிருந்தார்கள். அவர்களால் வர முடிந்த தூரம் அவ்வளவு. மாமா வேனிலிருந்து நொண்டிக்கொண்டு இறங்கி, இரண்டு கையையும் தூக்கினார்.

"டிராடா! ஒண்ணுக்கு ஒண்ணு! மேல போய்ட்டோம்டா!"

துறைமுகமே கேட்கிற குரல். பையன்கள் வீராவைத் திரும்பிப் பார்த்தார்கள். வீராதான் முதலில் கத்தினான். அப்புறம் எல்லாரும் கத்தினார்கள். மாமா தோரணத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் அவரை அப்படியே தூக்கித் தோளில் வைத்துக்கொண்டு கோவில் வரைக்கும் ஆடிக்கொண்டே போனார்கள். மேலே மாமா சிரித்துக்கொண்டிருந்தார். கீழே பையன்களின் கண்ணெல்லாம் கலங்கியிருந்தது, அவருக்கு அது தெரியவில்லை. அம்மா ஆஸ்பத்திரிக் கட்டிலில் தலையாட்டியது எனக்கு அப்போதுதான் புரிந்தது.

மறுநாள் சாயங்காலம் தீமிதி. நெருப்புக்கு மறுகரையில் பால்குழி வெட்டியிருப்பார்கள். தீயில் நடந்து வருகிறவர்கள் அதில் காலை நனைத்து ஏறுவார்கள். மாமா அங்கே நின்று ஒவ்வொருவனாகக் கையைப் பிடித்து ஏற்றிவிட்டார். ஒருவனுக்கும் கால் சுடவில்லை. கடைசியாக வீரா வந்தான். மாமா அவன் கையை விடாமல் பிடித்துக்கொண்டார். நான் பின்னால் நின்றிருந்தேன்.

"டேய், டிரா இல்லடா. தோத்துட்டோம்."

"தெரியும் மாமா."

"தெரியுமா? எப்பலேர்ந்து?"

"நேத்தே. மேட்ச் நடக்கும்போதே."

"அப்ப இன்னாத்துக்குடா என்னத் தூக்கிக்கினு ஆடுனீங்க?"

"ஜெயிச்சதுக்கா தூக்குனோம்? உன்னத்தான் மாமா தூக்குனோம்."

பாலும் சாம்பலும் படிந்த காலோடு நின்ற வீராவின் கையை மாமா விடவேயில்லை. பம்பை மேளச் சத்தம் காதைப் பிளந்தது. அதில் அவர் அழுதது எனக்கு மட்டும்தான் கேட்டது.

அடுத்த வாரம் தடைக்காலம் முடிந்தது. படகு கிளம்புகிற அன்று விடியற்காலையில் மாமா கரையில் நின்று, ஒவ்வொரு படகாகப் பார்த்து அடுத்த சீசனைப் பற்றிப் பேசுவது வழக்கம். இவன் கால் இன்னும் முறுக்கேறும், அவனைப் பின்னால் நிறுத்தலாம் என்று ஏலம் ஆரம்பித்துவிடும். அன்று நானும் கூட நின்றேன். வீராவின் படகு எங்களைத் தாண்டிப் போனது. அவன் படகின் முன்பக்க அணியத்தில் நின்று கையை ஆட்டினான். மாமாவும் ஆட்டினார். ஒன்றும் சொல்லவில்லை. வீராவுக்கு இனி அடுத்த வருடம் கிடையாது. அது எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும்.

கடைசிப் படகும் போய்விட்டது. கரையில் நாங்கள் இரண்டு பேரும் நாய்களும்தான். அந்த அமைதி எனக்குத் தாங்கவில்லை. எத்தனை வருடம் அவர் வாயை மூடச் சொல்லியிருப்பேன், அன்று அவர் வாய் திறந்தால் போதும் என்றிருந்தது. அவர் திறக்கவில்லை.

"அடுத்த வருசம் நம்மள்துதான் மாமா" என்றேன்.

மாமா திரும்பி, மீன் வாங்க வருகிறவர்கள் கூடையைப் பார்ப்பதுபோல என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"செவுளப் பாத்துட்டுச் சொல்லுடி" என்றார்.